நீட்டிய கால்கள்

விளக்கேற்றும் நேரம் வந்ததும் ஜோகன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டான். விலங்கைக் கழற்றிப் பல வருஷமாகியும் கணுக்கால்களில் கறுத்த தழும்பு வளையம் போகவில்லை. எப்போதும் சம்மணம் போட்டு உட்காருகிற ஆள் அவன். மழை பிடித்த இந்த வாரம்தான் புதிதாக இந்தப் பழக்கம் வந்திருக்கிறது.

"கால மடக்குங்களேன், நடக்க எடமில்ல" என்றாள் ராம்கலி.

"தாண்டாத. சுத்திப் போ."

"ஏன், மகாராசா தர்பார் நடத்துறீங்களோ?"

"வாய மூடுடி. புருஷனக் கொன்னுட்டுக் கப்பலேறுனவளுக்குப் பேச்சப் பாரு."

அவள் மூடிக்கொண்டாள். பெண்கள் ஜெயிலில் வரிசையாக நிறுத்தி, நன்னடத்தைக் கைதிகளுக்குப் பெண் காட்டுவது அந்தமானில் துரைமார் செய்து வைத்த ஏற்பாடு. சந்தையில் மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். ஜோகன் அதுவும் பார்க்கவில்லை. விரலை நீட்டினான், கூட்டிவந்தான். அவன் டிண்டலாக இருந்தவன், அதாவது கைதிகளை மேய்க்கும் கைதி. அந்த விசுவாசத்துக்குக் கூலியாக, காடு திருத்திய நிலத்தில் குடிசையும் வயலும் கொடுத்திருந்தார்கள். அவனை விட்டுப் போனால் அவளுக்கு மறுபடி ஜெயில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் இருந்தது வயிற்றிலிருந்த ஏழு மாதப் பிள்ளைக்காக. இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் கழுத்தில் கைதி எண் பொறித்த மரவில்லை கிடையாது, காலில் இரும்பு கிடையாது என்று துரை சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை உதை வேண்டுமானாலும் வாங்குவாள்.

வெளியே மழை விட்டிருந்தது. கூரை ஓலையிலிருந்து சொட்டும் தண்ணீரும், வெட்டிப்போட்ட மரங்கள் ஊறி அழுகும் வாடையும், கடலிலிருந்து வரும் உப்புக்காற்றும் வழக்கம்போலத்தான் இருந்தன; ஆனால் அவற்றுக்கு அடியில் துருவின் வாடை ஒன்று நாக்கில் ஒட்டுகிற மாதிரி ஏறிக்கொண்டே வந்தது, அதோடு வயல் பக்கமிருந்து, சேற்றுக்குள்ளிருந்து, எதையோ நிதானமாக இழுப்பதும் நிறுத்துவதும் மறுபடி இழுப்பதுமாக ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். முன்பெல்லாம் சாயங்காலமானால் கைதிகளைக் காலை நீட்டி வரிசையாக உட்காரவைப்பார்கள். ஒவ்வொருவன் விலங்கு வளையத்துக்குள்ளும் ஒரே நீளச் சங்கிலியைக் கோத்து இழுத்துக் கடைசியில் பூட்டிவிடுவார்கள். இழுப்பது டிண்டலின் வேலை.

"ஏங்க, வயல்ல யாரு?"

ஜோகன் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த எடத்துலதான் எங்க கொட்டகை இருந்துச்சு. காட்டுக்காய்ச்சல் வந்துச்சு. ஒரு ராத்திரியில வரிசையே விழுந்துருச்சு. காலையில தொர வந்து மூக்கப் பொத்திக்கிட்டு, சங்கிலியக் கழட்டி நேரத்த வீணாக்காத, அப்பிடியே குழியில தள்ளுன்னாரு."

"தள்ளுனீங்களா?"

"தள்ளாம? டிண்டல் வேல போயிருமே."

"எல்லாருமே செத்திருந்தாங்களா?"

"எல்லாரும்னு சொல்ல முடியாது" என்றான்.

சத்தம் வரப்பைத் தாண்டி முற்றத்துக்கு வந்திருந்தது. விளக்கின் சுடர் ஆடவே இல்லை. வாசலில் யாரும் தெரியவில்லை. ஜோகனின் கணுக்கால் தழும்பு மட்டும் உள்ளே அமுங்கியது, ஏதோ அதைக் கவ்வியது போல. அவன் முகம் கோணியது. ஆனாலும் காலை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"சங்கிலி நீளம்டி" என்றான். "இன்னும் எடம் மிச்சமிருக்கு."

அவள் பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி, எழுந்து, ஊர்த் தலைவன் இனாயத் சவுத்ரியின் வீட்டுக்கு. அவனும் பழைய கைதிதான், ஆனால் துரையிடம் செல்வாக்கு உள்ளவன்.

கதவு திறந்திருந்தது. சவுத்ரி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. இரண்டு பேரும் காலை நீட்டியிருந்தார்கள்.

"சவுத்ரி அய்யா, என்னை ஜெயிலுக்கே அனுப்பிருங்க. இப்பவே அனுப்புங்க."

சவுத்ரி சிரித்தான். "இது எதுன்னு நெனச்ச, இதும் ஜெயிலுதான். ஒக்காரு."

"என் பிள்ளைய மட்டும் விட்ருங்க அய்யா..."

"ஒக்காருடி. வரிசையக் கெடுக்காத."

திரும்பினாள். கால் வரவில்லை.

உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? தெரியவில்லை. முழங்கால்கள் தாமாகவே நீண்டன. மடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இடது காலில் சில்லிட்டது. பிறகு வலது.

இரும்பு இறுகியது.

இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. பூட்டவில்லை. சில்லிப்பு மேலே ஏறியது. முழங்கால். தொடை.

"இவன் கைதி இல்ல!" என்று அலறினாள். "இவன் இங்க பொறக்கப்போறவன்! கைதி இல்ல!"

சில்லிப்பு அடிவயிற்றைத் தொட்டது.

வயிற்றில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே பிள்ளை மெல்லப் புரண்டது. இரண்டு சின்னக் குதிகால்கள் ஒன்றாகச் சேர்ந்து, அவள் உள்ளங்கைக்கு அடியில் நேராக நீண்டன.