மெல்ல வாசி, கண்ணு

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நாள். பின்னறையிலேருந்து ஒரு மூச்சு வெளியே வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

விடிந்ததும் விடியாததுமாக மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மருமகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா... இன்னிக்குத்தான் பாப்பாவுக்குத் தேர்வு. போன்ல ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க..."

"எது, அந்த ஓசிப் பள்ளிக்கூடமா? இந்த வீட்டுல யாரும் ஓசியில படிச்சதில்ல!"

அவள் கணவனும் அங்கேதான் இருந்தான். பட்டறையில் இரும்பைக் கடைபவன். அப்பாவின் பேச்சுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டான்.

போன வருஷம் வகுப்பில் வலிப்பு வந்து விழுந்தாள் குழந்தை. "வீட்டிலேயே வெச்சுக்குங்க" என்று பள்ளி கைகழுவிவிட்டது. நாத்தனாருக்கு வரன் தேடும் நேரம். வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாவது? பேத்தி வெளியூர் விடுதியில் படிப்பதாக மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மருமகளும் தலையாட்டினாள். பின்னறை ஜன்னல் சாத்தப்பட்டது.

அன்றிலிருந்து, கீறல் விழுந்த போனில் அவள் பாடம் தேடினாள். சில தளங்களில் 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் கூப்பிடுவார்கள். மூன்றாம் பாடத்தில் பூட்டுப் போட்டு, வங்கி அட்டை எண் கேட்பார்கள். சலிக்காமல் தேடினாள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சும்மாவே சொல்லித் தரும் காணொளிகள் கிடைத்தன. இணைய நூலகம் ஒன்று கதைப் புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தது. பயிற்சித் தாள்களை அச்செடுக்க வழியில்லை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறத்தில் கணக்குகளைக் கையால் எழுதினாள். தாய் காதில் ஒன்று, மகள் காதில் ஒன்றாக இயர்போன்.

"மெல்ல வாசி, கண்ணு. வாசல்ல ஆள் இருக்கு..."

கடைசியில் அந்த இணையப் பள்ளி கிடைத்தது. தினமும் நேரலையில் பேசும் ஆசிரியை, வருஷ முடிவில் சான்றிதழ், ஒரு காசு வேண்டாம். சேருவதற்குக் குழந்தை போனில் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்தில் சம்பந்திகளின் சிரிப்பு கேட்டது. பின்னறையில் போன் அடித்தது.

"எங்கே, வாசிம்மா" என்றாள் ஆசிரியை.

குழந்தை வாசித்தாள். ஒரு பிழை இல்லை! தாயின் கண் நிறைந்தது.

"குரலே கேக்கலையே... மைக் வேலை செய்யுதா?"

தாய் போனைக் குழந்தையின் வாயருகே பிடித்தாள். குழந்தை கதவைப் பார்த்தாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது.

"சத்தமா வாசிடீ!"

தாய் அலறிவிட்டாள். கூடத்துச் சிரிப்பு நின்றது.

"அதட்டாதீங்கம்மா... குழந்தை இன்னும் தயாராகல போல. வரிசையில நிறைய பேர் இருக்காங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

போன் அணைந்தது. கதவு திறந்தது. மாமனாரின் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இந்தக் குழந்தை?"

மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். புதுப் புடவையில் வெளிறிப்போய் நின்றது அந்தப் பெண்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க... பாடம் சொல்லித் தர்றேன்."

பெற்ற வயிறு அப்படியும் பேசியது!

ஒரு குடும்பம் தன் குறையை மறைக்கலாம். குழந்தையை மறைக்கக் கூடாது. அது மானம் ஆகாது. நிமிர்ந்து நடந்த மாமனாருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"இல்லம்மா" என்றார் உரக்க. "என் பேத்தி. வலிப்பு இருக்கு. ஒளிச்சு வெச்சது நான். என் மருமக மேல ஒரு குத்தமும் இல்ல."

"வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று அவர்கள் எழுந்துபோனார்கள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணி... எனக்காகப் பெத்த பொண்ணையே..." நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறினாள். மாமனார் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டுப் பேத்தியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வாசிடா தங்கம். தெருவே கேக்கட்டும்!"

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. தாயின் காதருகே வந்து, காற்றைப் போன்ற குரலில் கேட்டாள்:

"அம்மா... பக்கத்து வீட்டுப் பொண்ணு சத்தமா வாசிக்கலாமா?"