லாக் இல்லாமல் பேசாதே

அராசெலி மூலிகைக் கடையின் தகரக் கூரைக்கடியில் ஓடி வந்தபோது பாதி நனைந்திருந்தாள். அசுன்சியோனில் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? அங்கே ஏற்கெனவே ஒருவன் ஒதுங்கி நின்று, கையிலிருந்த போனை மனதாரத் திட்டிக்கொண்டிருந்தான்.

தான் மட்டும் குடிக்க மனமில்லாமல் கையிலிருந்த தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தின் குவளையை அவனிடம் நீட்டினாள். “போன் என்ன பாவம் பண்ணுச்சு?”

“போன் இல்லைங்க, இதுல போட்ட சிஸ்டம்! ‘கிழட்டு முதலை’ன்னு ஒரு ஆளு, பழைய போனுக்கெல்லாம் சொந்தமா சிஸ்டம் செஞ்சு இலவசமா விடுறாரு. அதைப் போட்டதுலேருந்து ப்ளூடூத் செத்துப்போச்சு. அவரோட ஆன்லைன் குழுவுல கேட்டா, ‘லாக் இல்லாமல் பேசாதே, என் போனில் வேலை செய்கிறது’ங்கிறாரு. சரியான சிடுமூஞ்சிக் கிழவன்!”

அராசெலிக்குப் புரையேறியது. அந்தக் கிழட்டு முதலை அவள்தான்!

லாக் என்றால், போன் தனக்குள் நடப்பதையெல்லாம் தானே எழுதி வைக்கும் குறிப்பு. அது இல்லாமல் புகார் சொல்பவர்களை அந்தக் குழுவில் யாரும் மதிப்பதில்லை. அவள் செய்ததில் என்ன தப்பாம்?

“பாவம், அவருக்கு எத்தனை வேலையோ...” என்றாள்.

அவன் அவள் உதடுகளையே பார்த்தான். என்ன திமிர்! ஆனால் அந்தப் பழுப்புக் கண்களில் திமிர் இல்லையே...

“ஹலோ! என்ன என் வாயையே பாக்கறீங்க?”

“மழைச் சத்தத்துல சரியா கேக்கலைங்க.” கூச்சத்தோடு ஈர முடியை ஒதுக்கினான். காதுக்குப் பின்னால் சின்னதாய் ஒரு கருவி. “இது ப்ளூடூத்ல போனோட சேர்ந்தாத்தான் போன்ல பேசறது எனக்குக் கேக்கும். அம்மா புவெனஸ் அயர்ஸ்ல வேலை பாக்கறாங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாங்க. ஒண்ணும் கேக்காம ‘ஆமாம்மா, ஆமாம்மா’ன்னு சொல்லிட்டு வச்சிடுறேன்.”

போனை வாங்கி, பின்மூடியைக் கழற்றினாள். அவள் வைத்திருக்கும் அதே ரகப் போன்தான்... ஆனால் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வேறு! எல்லை ஊர்க் கடைகளில் விற்கும் ரகம். உள்ளே ப்ளூடூத் சிப்பும் வேறாகத்தான் இருக்கும். தன் போனின் சிப்புக்கான மென்பொருளையே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள், மகராசி.

“அந்த முதலை... நான்தாங்க. இதைக் குழுவுலேயே சொல்லியிருக்கலாமே?”

அவன் முகம் சிவந்தது. “எனக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே எழுதணுமா?” போனைப் பிடுங்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேறு சிப்புக்கும் பொருந்தும் புதிய சிஸ்டத்தைச் செய்து குழுவில் போட்டாள். கூடவே, கிழட்டு முதலை வாழ்நாளில் எழுதாத ஒன்றையும் எழுதினாள்: ‘தவறு என்னுடையது. மன்னிக்கவும். சனிக்கிழமை, அதே கூரை.’

வந்திருந்தான்! போனில் புதிய சிஸ்டமும் ஏறியிருந்தது.

“என் பேரு தெர்லிஸ்” என்றான், கொஞ்சம் முறைப்பாகவே.

“நான் அராசெலி. உங்க நம்பரைச் சொல்லிட்டு இங்கேயே நில்லுங்க. நான் கூப்பிடறேன்.”

கடைக்கு எதிரே இருந்த சதுக்கத்தின் மறுகோடியில், பூத்துக் குலுங்கிய லபாச்சோ மரத்தடிக்கு ஓடி எண்ணை அழுத்தினாள். இத்தனை தூரத்தில் உதட்டைப் பார்க்க முடியாது.

“கேக்குதா தெர்லிஸ்?”

பதில் இல்லை.

“ஹலோ... கேக்குதா?”

மௌனம். போச்சு, இதுவும் தோற்றுவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. கேட்காத காதுதானே என்ற தைரியத்தில் வாய் தானாகத் திறந்தது. “உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கோவிச்சுக்கிட்டுப் போனப்பவும் பிடிச்சிருந்தது...”

“சரியா கேக்கலைங்க” என்றது அவன் குரல். “இன்னொரு தடவை சொல்லுங்க?”

பகீரென்றது. அப்படியானால்...? “லாக் அனுப்புங்க!”

அனுப்பினான். மரத்தடியில் நின்று வரி வரியாகப் படித்தாள். இணைப்பு முதல் நொடியிலிருந்தே சரி. குரல் முழுவதும் கருவிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

“பொய்யா சொல்றீங்க?”

“முதல் ‘தெர்லிஸ்’லேயே கேட்டுச்சு.” அவன் குரல் உடைந்தது. “காதுக்குள்ள நேரா ஒரு குரல் வந்து எத்தனை நாளாச்சு... பேச்சே வரலை. நாளைக்கு அம்மா கூப்பிடுவாங்க அராசெலி. உங்களைப் பத்தித்தான் முதல்ல சொல்லப்போறேன்.”

“என்னன்னு?”

“அந்தச் சிடுமூஞ்சிக் கிழவனைக் காதலிக்கிறேன்னு.”