கிழக்கே பொங்கிய பால்

மோட்டார் அறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த காவலாளி வெள்ளியங்கிரியின் முன்னால், சாவியும் கையுமாக வந்து நின்றாள் ஜெயப்பிரியா. பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்த அந்த அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்திருப்பவள். நாளைக் காலையில் பால் காய்ச்சிக் குடியேற வேண்டும்.

"அண்ணா, எங்களுக்கு முன்னாடி அந்த ஊட்டுல ஆரோ பால் காய்ச்சிட்டாங்க."

அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. வெண்ணந்தூரில் தறி ஓட்டும் மாமியார் வீட்டிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு பஸ் மாறி, நின்றபடியே போய்வருகிறாள்.

"பால் மேற்கே பொங்குனா அந்த ஊடே வேண்டாம்னு எங்க மாமியார் நாலு பேர் முன்னால சொல்லியிருக்கறாங்க. வேத்தாள் காய்ச்சுனது தெரிஞ்சா சாமானையே இறக்க உடமாட்டாங்க."

மாடி கூட்டும் வெண்ணிலா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "எனக்குத் தெரியுங்க. தரகர் கந்தவேல் ரெண்டு பேருக்குச் சாவி குடுத்திருப்பாரு."

"முதல்ல பாக்கலாம், வா," என்றார் வெள்ளியங்கிரி. முப்பது வருசம் போர் போடும் ரிக் லாரியில் பாறை துளைத்தவர். அவசரப்பட்டால் குழி கோணிப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

பூட்டுத் துவாரத்தின் ஓரத்தில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது. முன்பே கொண்டுவந்து வைத்த அடுப்புக்குக் கிழக்கே, மேடைமேல் பால் பொங்கிக் காய்ந்திருந்தது. மேற்கே பளிச்சென்று துடைத்திருந்தது. ஆனாலும் அங்கே கல் இடுக்கில் எறும்புச் சாரை.

"குடியேற வந்தவங்க விளக்கு ஏத்தாமயா பால் காய்ச்சுவாங்க, வெண்ணிலா? ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, ஒரு பொட்டுக் குங்குமம் இல்ல. ஆனா பால் ரெண்டு தடவை பொங்கியிருக்குது."

மேடையில் ஒரு கை தண்ணீர் விட்டார். அது மேற்கே ஓடியது. அடுப்புமேல் விட்டார். கிழக்கே ஓடியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடுப்பின் மேற்குப் பக்கக் கால்களுக்கு அடியில் மடித்த அட்டை, அதில் ஊதா நூல்.

"ரிக்கு சமமா நிக்கறதுக்கு நாங்க ஜாக்கி வெப்போம். தறி ஆடுனா தறிக்காரங்க நூல் சுத்துன கோன் அட்டையைக் கிழிச்சு வெப்பாங்க. உங்க தறியில என்ன நூல் ஓடுது, அம்மிணி?"

"ஊதாங்க," என்றாள் ஜெயப்பிரியா மெல்ல.

"சாவி எங்க இருந்துது?"

"அத்தையோட சாமி மாடத்துல, மஞ்சக் குங்குமம் வெச்சு. இன்னைக்குத் துடைச்சுத்தான் குடுத்தாங்க."

"அப்ப பூட்டுல இருக்கற மஞ்சள் இன்னைக்கு ஒட்டுனதில்ல. நேத்து அத்தை எங்க போனாங்க?"

"திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்குன்னு சொன்னாங்க."

"திருநீறு குடுத்தாங்களா?"

"இல்லீங்களே," என்றாள் ஜெயப்பிரியா.

"அவங்கதானே வேண்டாங்கறது?" என்றாள் வெண்ணிலா.

"வாய் முந்திருச்சு. மருமக பஸ்ஸுல நின்னு போறதை நெதமும் பாக்கறாங்க. சொன்ன சொல்லை மாத்த முடியாது, அடுப்பை மாத்தலாமில்ல? முதல்ல மேற்கே பொங்குனதைத் துடைச்சாங்க. அட்டை வெச்சு மறுபடி காய்ச்சிப் பாத்தாங்க. கிழக்கே பொங்குன பாலை ஆராவது துடைப்பாங்களா? மனசு வரல. அங்கதான் மாட்டிக்கிட்டாங்க."

வெளியே இழுத்துப் பார்த்த அட்டையை இருந்த இடத்திலேயே தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை சொந்தபந்தமெல்லாம் அடுப்பைச் சுற்றி மூச்சைப் பிடித்து நின்றது. பால் எழும்பியது, தளும்பியது, கிழக்கே வழிந்தது. வெண்ணிலா போட்ட குலவையில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தன.

"பாத்துக்கங்க, ராசியான ஊடு," என்றாள் மாமியார் சாரதாமணி எல்லாருக்கும் கேட்கும்படி.

ஜெயப்பிரியா அவள் காலைத் தொட்டு எழுந்தாள். "அத்தை, மலைத் திருநீறு இருந்தா நெத்தியில வெச்சு உடுங்க."

சாரதாமணியின் கை முந்தானை முடிச்சுவரை போய் நின்றது. மருமகளைப் பார்த்தாள். அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பால் குடிக்கும் வெள்ளியங்கிரியையும் பார்த்தாள்.

"அடுத்த வாரம் நெசமாவே போயிட்டு வாரேன், சாமி," என்றாள் மருமகளின் காதோடு. "நீ அதுவரைக்கும் அடுப்பை நகத்தாத."