பிஜலியின் இடது கால்

"ஆ... ஆ... ஆ...!"

மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து வந்தது அந்த அலறல்.

அவல் உப்புமா மாதிரியான போஹாத் தட்டும் கையுமாக நின்ற ரஞ்சனா குல்மேதே சட்டென்று திரும்பினாள். முப்பத்தைந்து வயது. காக்கிச் சட்டை. சிர்காட்டா கேட்டின் மூத்த கைடு. புலிகள் காப்பகத்தின் வெளிவட்டக் காடு அது. உள்காட்டில் ஒரு புலிக்கு இருபது ஜீப் முட்டி மோதும். இங்கே ஒரு ஜீப்புக்கு எத்தனை புலி என்று மட்டும் யாரும் அவளைக் கேட்கக்கூடாது.

"மாப்பிள்ளை எங்கே?" என்றார் வாமன்ராவ் காளமேக்.

நாக்பூர் ஆசாமி. ரயில்வேயில் கால அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவர். மகள் மிருணாளின் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பராக்கோடு ஒரு சஃபாரி என்று முடிவு செய்து, கூட்டமில்லாத காடு வேண்டும், குலுங்காத ஜீப் வேண்டும் என்று போனிலேயே ரஞ்சனாவின் உயிரை வாங்கியவர். போஹாவுக்குப் பிறகு புலி, புலிக்குப் பிறகு டீ. அதுதான் அவர் திட்டம். மாப்பிள்ளை காணாமல் போவது அதில் இல்லை.

ஜீப்பை விட்டு இறங்க அனுமதி உள்ள ஒரே இடம் இந்தக் காலைச் சாப்பாட்டுத் திடல்தான். பராக் ஒதுங்கப் போகிறேன் என்று போனான்.

அதற்குப் பிறகுதான் அலறல்.

ரஞ்சனா புதரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கிழிந்த வெள்ளைச் சட்டை. அதில் சிவப்புத் திட்டுக்கள். பக்கத்தில் ஒற்றை ஷூ.

சுற்றிலும் மணலில் புலியின் காலடிகள்...

வாமன்ராவ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிருணாள் சட்டையைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். பிறகு தட்டில் மிச்சமிருந்த போஹாவைச் சாப்பிட ஆரம்பித்தாள். அதிர்ச்சியில் சிலருக்குப் பசிக்கும் போலிருக்கிறது என்று ரஞ்சனா நினைத்துக்கொண்டாள்.

டிரைவர் பண்டு வயர்லெஸ்ஸில் கத்தியதும் ரேஞ்ச் ஆபீசர் போயர் பறந்து வந்தார். வந்தாரே தவிர ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே காலடிகளை எட்டிப் பார்த்தார்.

"பிஜலிதானே?"



பிஜலி. சிர்காட்டாவின் ஒரே பெண்புலி. அவள் வந்த பிறகுதான் இந்தக் கேட்டுக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஊரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கைடு வேலை பார்ப்பது பிஜலியின் புண்ணியத்தில். போயர் தன் சரகத்துக்குப் புலி வந்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி, மேடையேறிப் பொன்னாடை போர்த்திக்கொண்டதும் அவள் புண்ணியத்தில்தான்.

"ஆளடிச்சிருச்சு. மயக்க ஊசிக்காரங்களைக் கூப்பிடறேன். புலி கூண்டுக்கு, கேட்டுக்குப் பூட்டு. இன்னிக்கே."

பிஜலி கூண்டில் அடைபடுவாளே என்று ரஞ்சனா கவலைப்படவில்லை.

ஏனென்றால்...

பிஜலி என்று ஒரு புலியே கிடையாது!

இருந்ததெல்லாம் இரண்டு தேக்குக் கட்டைகள். ஒன்று இடது கால், இன்னொன்று வலது கால். செதுக்கியது பண்டு. பெயர் வைத்தது ரஞ்சனா. புலியைப் பார்க்காத விருந்தாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போவான். ஈரம் காயாத காலடியைப் பார்த்தவனோ, "அடடா, ஜஸ்ட் மிஸ்" என்று சொல்லிச் சாயங்கால சஃபாரிக்கும் இடம் பிடிப்பான். வேறு கேட்டுக் கைடுகள் பொறாமையில் வெந்தார்கள். காட்டில் வைத்த கேமராக்களில் மட்டும் இதுவரை சிக்கியது மூன்று பன்றியும் ஒரு போயரும்.

ரஞ்சனா நைசாகத் தன் ஜீப்புக்கு நகர்ந்து சீட்டுக்கு அடியில் இருந்த சாக்குப் பையைத் துழாவினாள்.

வலது கட்டை இருந்தது.

இடது கட்டை?

காணோம்.

"பண்டு... இங்கே யார்டா கை விட்டது?"

"மாப்பிள்ளை சார்தான்க்கா. போஹாவுக்குத் தர்ரி ஊத்தணும், டப்பா எங்கேன்னு தேடினாரு. அப்புறம் டப்பாவையும் காணோம், அவரையும் காணோம்."

தர்ரி! எண்ணெய் மிதக்கும் அந்தச் சிவப்புக் காரக் குழம்பு!

ரஞ்சனா திரும்ப ஓடிப்போய் சட்டையைத் தூக்கி முகர்ந்தாள். மசாலா மணம் மூக்கில் ஏறியது. பாக்கெட்டில் கொண்டைக்கடலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது ரத்தம் இல்ல. தர்ரி. ரத்தத்துல கடலை வருமா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப புலி அடிச்சிருக்கும்" என்றார் போயர், கர்ச்சீப்பை எடுக்காமல். "கொழம்பு பொய் சொல்லலாம். காலடி பொய் சொல்லுமா? எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. அசல் பிஜலி. இந்தக் காலடியை நான் தூக்கத்துல கூட அடையாளம் சொல்வேன்."

ரஞ்சனா உதட்டைக் கடித்தாள். வாயைத் திறந்தால் தன் பேட்ஜ் போகும். திறக்காவிட்டால் ஊரின் கேட்டே போகும். ஊர்ப் பெண்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் போயர் விடவில்லை. "என்ன அழகா நடந்திருக்கு பாரேன்" என்றார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்ன சார் அழகு? கண்றாவி. எல்லாமே இடது கால். நொண்டியடிச்ச மாதிரி இருக்கு. நான் குத்தியிருந்தா வலதும் இடதும் மாறி மாறி வந்திருக்கும், முன்காலை வெச்ச எடத்துலயே பின்காலும் விழுந்திருக்கும். குதிகால் இவ்வளவு அழுந்தவே அழுந்தாது. ஒரு நாளாவது நான் இப்படிக் கேவலமா..."

நின்றாள்.



பண்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

போயர் மெதுவாக ஜீப்பை விட்டு இறங்கினார். கர்ச்சீப் கீழே விழுந்தது. ரஞ்சனாவைத் தனியாக ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீ குத்தியிருந்தாவா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அப்ப... நான் மேலிடத்துக்கு எழுதினது?"

"கட்டையைப் பத்தித்தான் சார்."

"அந்தப் பொன்னாடை?"

"தேக்குக்குப் போட்டது சார்."

போயர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ரஞ்சனா, புலியே அடிச்சதா இருந்துட்டுப் போகட்டுமே. உன் பேட்ஜுக்கும் ஆபத்தில்ல, என் மானத்துக்கும் ஆபத்தில்ல."

"மாப்பிள்ளை உயிரோட வந்து நின்னா?"

"அது அவன் தப்பு."

"கேட்டு மூடிடும் சார். எங்க ஊரு என்ன பண்ணும்? பேட்ஜை நீங்களே எடுத்துக்குங்க. நான் அவனைத் தேடப் போறேன்."

அந்தப் பித்தளை பேட்ஜை அவள் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவாள்.

தேடுவது கஷ்டமாக இல்லை. புதரிலிருந்து கிளம்பிய ஒற்றைக்கால் புலி ஏரிப் பக்கம் போயிருந்தது. அதன் கூடவே ஒரு ஷூத் தடம், ஒரு வெறுங்கால் தடம். கொஞ்ச தூரத்தில் புலி நின்றுவிட்டது. கட்டை குத்திக் கை வலித்திருக்கும். மாப்பிள்ளையின் தடம் மட்டும் நேராக ஏரிக்கரைப் பரணுக்குப் போனது.

எல்லோரும் ஒரே ஜீப்பில் ஏறினார்கள். வழியில் மிருணாள்தான் வாயைத் திறந்தாள்.

"அவன் செத்திருக்க மாட்டான்பா. ஹனிமூனுக்கு நீங்களும் வர்றதா நேத்து சொன்னீங்களே, அப்பவே அவன் மூஞ்சி சரியில்ல."

"ஊட்டியில வழி தெரியாம ரெண்டு பேரும் தவிப்பீங்களேன்னுதான்..." என்று இழுத்தார் வாமன்ராவ்.

ஏரி தெரிந்தது. பரண் தெரிந்தது.

பரண் மேலே பராக்!

மேலே பனியன். காலில் ஒற்றை ஷூ. மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஒரு தேக்குக் கட்டை. கத்தவும் இல்லை, கையாட்டவும் இல்லை. ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் கீழே காட்டினான்.

கீழே...

ஏரித் தண்ணீரில் பாதி உடம்பை நனைத்துக்கொண்டு ஒரு பெண்புலி படுத்திருந்தது. அதன் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தன இரண்டு குட்டிகள்.

அசல். வாலோடு, மீசையோடு, மூச்சோடு.

இந்தக் காட்டில் எத்தனை பேருக்கு எத்தனை புலிக்கதை விட்டிருப்பாள் ரஞ்சனா! இன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

பண்டு ஜீப் என்ஜினை அணைத்தான். போயர் மூச்சை அடக்கிக்கொண்டு போனை எடுத்துப் படம் பிடித்தார். பொன்னாடை விழுந்த தோள் மெல்ல நிமிர்ந்தது.

"மாமா..." பரணிலிருந்து பராக்கின் குரல் கிசுகிசுத்தது. "ஹனிமூனுக்கு நீங்க வரக்கூடாது. சரின்னா சொல்லுங்க, எறங்கறேன்."

"டிக்கெட் போட்டாச்சு மாப்பிள்ளை."

"கேன்சல் பண்ணுங்கப்பா" என்றாள் மிருணாள். "இல்லேன்னா நானும் அந்தப் பரண்ல ஏறிடுவேன்."

"அதில்லம்மா, திட்டப்படி..."

புலி தலையைத் தூக்கி ஜீப்பைப் பார்த்து உறுமியது.

"சரி சரி, வரலை" என்றார் வாமன்ராவ்.

திருப்தியானதுபோல் புலி எழுந்தது. உடம்பை உதறியது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மூங்கிலுக்குள் போய் மறைந்தது. பராக் தொப்பென்று குதித்து ஓடிவந்தான். மிருணாள் அவனை ஓர் அடி அடித்துவிட்டு, மிச்சம் வைத்திருந்த போஹாவை நீட்டினாள்.

போயர் ஏரிக்கரைச் சேற்றில் குந்தி உட்கார்ந்தார். வரிசையாகப் பெரிய காலடிகள். பக்கத்திலேயே சின்னச் சின்னக் காலடிகள். பேட்ஜைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் சூடு கண்ட பூனை அவர். கண்ணால் பார்த்தும் சந்தேகம் விடவில்லை.

"ரஞ்சனா, மறைக்காம சொல்லு. இதுவும் உன் வேலைதானா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தியமா இல்ல சார். எங்ககிட்ட குட்டி சைஸ்ல கட்டை கிடையாது."