கடைசி ஆள் சொல்ல வேண்டியது

நோயாளிகளுக்கு நிதி திரட்ட அறுபத்தொன்பது வயதில் ஆயிரம் மைல் சைக்கிள் மிதிக்கிறவனை ஊரே தர்மவான் என்கிறது. சர்ச்சில் கைதட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேக் சுட்டுக் கொண்டுவருகிறாள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். என்னைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?

அன்று மாலை நான்கு மணிக்கு, லேர்க் ஊரைத் தாண்டி, மேட்டுநிலத்தின் நடுவில் தனியாக நிற்கும் அந்தப் பழைய விடுதிக்குத் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தோம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கிளம்பிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஸ்காட்லாந்தின் வடமுனையைத் தொட இன்னும் இரண்டு நாள். முன்னால் ஓட்டுகிறவன் கீத், ஓய்வுபெற்ற போஸ்ட்மேன். நடுவில் ஹேசல். கடைசியில் நான், மால்கம்.

போன வருடம் நடுவில் நான் இருந்தேன். எனக்குப் பின்னால் ஹேசலின் கணவன் வெர்னன்; ஹேசல் அப்போது வரவில்லை. இதே பாதை, இதே பனிமூட்டம். விடுதியிலிருந்து மூன்றரை மைலில் ஒரு சின்னப் பாலம் வரும். அதில் சறுக்கி ஓடைக்குள் விழுந்தான். அடுத்த ஊரில் சைக்கிளைச் சுவரில் சாத்திய பிறகுதான் அவனைக் காணோம் என்று எங்களுக்குத் தெரிந்தது. விழுந்த பிறகும் இரண்டு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

சூப்பைக் குடித்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்ப விடுதி வாசலுக்கு வந்தோம். வெளிச்சம் இருந்தது, ஆனால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஈரக் கரிமண் நாற்றம்.

"வந்தாச்சா?" முன்னாலிருந்து கீத் கத்தினான்.

வரிசையாக ஓட்டுகிறவர்களிடம் இது ஒரு வழக்கம். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் சக்கரம் கோணும், அதனால் கேட்பான். பதிலைக் கடைசி ஆள்தான் சொல்ல வேண்டும். அந்தக் குரலை நம்பித்தான் மற்றவர்கள் வேகம் பிடிப்பார்கள்.

நான் வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் வந்தாச்சு!"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். விடுதியின் கதவு சாத்தியிருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. கீத் கிளம்பிவிட்டான், ஹேசலும் போய்விட்டாள். வயசாகிறது, காது அடைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

ஒரு மைல் போனதும் சத்தம் கேட்டது. மிதிக்காமல் உருளும் சக்கரத்தின் கிர்ர்ர். நான் நின்றால் அதுவும் நின்றது.

கூடவே ஒரு வாசனை. முழங்காலுக்குத் தேய்க்கிற காரத் தைலம். எங்கள் மூவரில் யாரும் அதைத் தேய்ப்பதில்லை.

மூன்றாவது மைலில், ஆடு தாண்டாமலிருக்கப் பாதையில் இரும்புக் கம்பி பதித்திருக்கும். அங்கே எல்லாரும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

"வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு! மிதிடா, டீ ஆறுது!"

என் குரல். என் இருமலோடு, என் குரலேதான்.

நான் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

ஹேசல் பிரேக் பிடித்தாள். சைக்கிளைப் பாதையிலேயே போட்டுவிட்டு என்னிடம் நடந்து வந்தாள். கீத் சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்த வார்த்தைகள் மனப்பாடம். சாவுச் சடங்கில் வெர்னனின் கடைசி வார்த்தை என்று கீத் அழுதுகொண்டே அதைத்தான் வாசித்தான். யாருக்காக நிதி திரட்டினோமோ, அந்த நோயாளிகள் இல்லத்துத் தோட்டத்து பெஞ்சில் அதையே செதுக்கி வைத்தார்கள். சிரிச்சுக்கிட்டேதான் போனார் என்று ஹேசல் ஊரெல்லாம் சொல்வாள்.

"இப்ப கத்தினது நீங்கதானே, மால்கம்?"

"சத்தியமா நான் வாயே திறக்கல."

"சரி. போன வருஷம்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"வெர்னனுக்குச் செயின் கழண்டிருச்சு," என்றேன். "நில்லுடான்னு கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. குளிர், கை விறைச்சுப் போச்சு, எப்படா டீ குடிப்போம்னு இருந்துச்சு. பின்னாடியே வந்துருவான்னு நினைச்சு, அவனுக்குப் பதிலா நான் குரல் குடுத்தேன். பனியில யாரு குரல்னு கீத்துக்குத் தெரியல."

"அடப்பாவி!" என்றான் கீத்.

ஹேசல் அழவில்லை.

"உங்களைப் பிடிக்கணும்னு அவசரமா வந்திருக்கார். அதான் பாலத்துல..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு வருஷமா அந்த பெஞ்சைத் தடவிட்டு இருக்கேன்யா. நீயும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தியே. உனக்கு நெஞ்சு எப்படிய்யா பொறுத்துச்சு?"

பொறுத்தது. அதுதான் உண்மை.

"கடைசியிலயே வா," என்றாள். "இந்தத் தடவையாவது திரும்பிப் பாத்துட்டுச் சொல்லு."

இருவரும் போனார்கள். நான் பின்னால் போனேன். பாலம் வந்தது. கீழே ஓடை சலசலத்தது. அக்கரையில் பனிக்குள்ளிருந்து கீத் கத்தினான். பழைய நட்பெல்லாம் அந்தக் குரலில் செத்துப்போயிருந்தது.

"வந்தாச்சா?"

பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினேன். இறங்கினேன். முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தேன்.

ஈரப் பாதை. பனி. யாரும் இல்லை.

கிர்ர்ர் சத்தமும் இல்லை. தைல வாசனையும் போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. போய்விட்டான், விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

"எல்லாரும் வந்தாச்சு!" என்று கத்தினேன்.

காதோரம் ஈர மூச்சு பட்டது. இந்தத் தடவை குரல் என்னுடையது இல்லை. வெர்னனுடையது. தண்ணீர் குடித்த தொண்டையில், கோபமே இல்லாமல் கேட்டான்:

"நல்லாப் பாத்தியாடா?"

வடமுனையைத் தொட்டோம். போட்டோவில் எனக்கும் ஹேசலுக்கும் நடுவில் கீத் நிற்கிறான். அதற்குப் பிறகு இருவரும் என்னோடு பேசுவதில்லை. சைக்கிளை விற்றுவிட்டேன்.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. வாசல் கதவைத் தாழிடும்போது வெர்னன் கேட்கிறான். விளக்கை அணைக்கும்போது கேட்கிறான். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

யாரும் இருப்பதில்லை. படிக்கட்டு மட்டும், மழையே பெய்யாத நாளிலும், நனைந்திருக்கிறது.