இருநூற்றில் மிச்சம் இரண்டு

“வீல்...!”

பர்மிங்ஹாமின் துப்பாக்கிப் பட்டறைத் தெருவைக் காலையிலேயே எழுப்பிய அந்த அலறலுக்குச் சொந்தக்காரி, கூட்டிப் பெருக்க வந்த மிஸஸ் டாட்.

மாடிப் பட்டறையில் முதலாளி ஆம்ப்ரோஸ் பெம்பர்தி மல்லாந்து கிடந்தார். நெஞ்சில் குண்டு. பக்கத்தில் அவர் கம்பெனியிலேயே செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி, நடுவில் மடிந்து, வாய் திறந்து கிடந்தது. காலித் தோட்டா கதவோரம் தெறித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஹெஸ்டர் கேட் பாதி கடித்த பேக்கன் சாண்ட்விச்சோடு வந்து சேர்ந்தாள்.

“எதையாவது தொட்டீங்களா?”

“நானா? துடைப்பத்தையே அங்க போட்டுட்டு ஓடியாந்தவ. இன்னும் எடுக்கப் போகல.”

சார்ஜென்ட் ஃபின்ச் முந்திக்கொண்டான்.

“கேஸ் முடிஞ்சுது மேடம். பூட்டு உடையல. செத்தவரையும் மிஸஸ் டாடையும் விட்டா, சாவி வச்சிருக்கிறது ரெண்டே ஆளுங்க... இதோ நிக்கிற டோபியும் கம்பெனிக் கூட்டாளி பிரிண்ட்லியும். டோபி செத்தவரோட மருமகன். நேத்து ரெண்டு பேரும் போட்ட சண்டை தெருமுனை பப் வரைக்கும் கேட்டிருக்கு.”

டோபியின் கையில் ஏற்கெனவே விலங்கு. லண்டனில் துணி வியாபாரம் பார்ப்பவன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“சண்டை போட்டது நிஜம் மேடம். கம்பெனி பேரை வித்துடுங்க மாமா, கழுத்து மஃப்ளர்ல அதை அச்சடிச்சு விக்கிறதுக்கு ஆள் ரெடின்னு கெஞ்சினேன். வருஷத்துக்கு ஆறு துப்பாக்கி செஞ்சு யார் பொழைக்கிறது? முடியாதுன்னாரு. அதுக்காகக் கொல்லுவேனா? ஆயுசுக்கும் ஜெயிலா எனக்கு?”

ஜன்னலோரம் விசும்பல். கூட்டாளி சைலஸ் பிரிண்ட்லி. தலை நரைத்த பட்டறைக்காரர்.

“பையனை விடுங்க மேடம். தற்கொலைதான். ஒரு காலத்துல இங்க இருநூறு பேர் வேலை செஞ்சாங்க. இப்ப தொழில் தெரிஞ்சவங்க நானும் அவனும்தான். மனசு விட்டுட்டான்.”

ஹெஸ்டர் சுவரிலிருந்து வேறொரு துப்பாக்கியை எடுத்தாள். டோபியின் விலங்கை அவிழ்க்கச் சொன்னாள்.

“பிடிங்க.”

டோபி அதைப் படகுத் துடுப்பு மாதிரி பிடித்தான். குழல் நேராக ஃபின்ச்சின் தொப்பையைப் பார்த்தது. ஃபின்ச் மேஜைக்கடியில் காணாமல் போனான்.

“போதும். மிஸ்டர் பிரிண்ட்லி, இதை வாங்கி மேஜையில வச்சிடுங்க.”

சைலஸ் வாங்கினார்.

க்ளிக்...

மடக்கித் திறந்தார். இரண்டு குழலையும் எட்டிப் பார்த்தார். திறந்தபடியே மேஜையில் வைத்தார்.

“ஏன் திறந்தீங்க?”

“இதென்ன கேள்வி? மூடின துப்பாக்கியை எங்காளு எவனும் கீழே வைக்க மாட்டான். மொத நாள் பாடம் அது. கை தானா செஞ்சிடும்.”

“செத்தவர் துப்பாக்கியும் திறந்துதான் கிடக்கு. நெஞ்சுல சுட்டுக்கிட்டவர் எழுந்து வந்து, திறந்து வச்சுட்டு, மறுபடி படுத்தாரா?”

சைலஸ் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“தொழில் தெரிஞ்சவன் எவனாவது...”

“சாவியும் தொழிலும் சேர்ந்து இருக்கிறது ரெண்டே பேர்கிட்ட. ஒருத்தர் தரையில கிடக்கார்.”

சைலஸ் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். தன் கைகளையே வெறித்தார்.

“பாதிப் பங்கு எனக்கு. பேரை வித்தா ஸ்பெயின்ல போய் வெயில் காயலாம்னு இருந்தேன். கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டான். தற்கொலை மாதிரி எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்... இந்தப் பாழாப்போன கை!”

டோபி சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். ஹெஸ்டருக்குக் கிழவரைப் பார்க்கவும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

சைலஸுக்கு விலங்கை மாட்டிவிட்டு ஃபின்ச் நிமிர்ந்தான்.

“இவங்க தொழில் நொடிச்சது நமக்கு நல்லதாப் போச்சு மேடம்.”

“எப்படி?”

“பழைய நாளா இருந்தா இருநூறு பேரும் திறந்துதான் வச்சிருப்பாங்க. அத்தனை விலங்குக்கு நான் எங்க போறது?”