நாற்பத்தேழாம் இலக்கத்தின் ஓட்டம்

கால் சரியாகப் பொருந்தியது. அதுதான் லக்சனாவுக்கு முதலில் பிழையாகப் பட்டது.

காட்சியகத்தின் வாசலைத் தாண்டியதும் தரையோடு தரையாக ஒரு வெள்ளைச் சாந்துப் பலகை பதித்திருந்தார்கள். அதில் ஓர் இடது பாத அச்சு. ‘வீராங்கனையின் பாதத்தில் உங்கள் பாதத்தை வைத்துப் பாருங்கள்’ என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. குதிகால் பொருந்தியது, உள்வளைவு பொருந்தியது, பெருவிரலும் பொருந்தியது. அதில் அதிசயம் இல்லை. அந்த அளவுச் செருப்புப் போடுகிற பெண்கள் திருகோணமலையில் எத்தனையோ பேர். ஆனால் அவளுடைய இடது சின்னவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி மடிந்திருக்கும். சம்பூரை விட்டு ஓடிவந்தபோது முட்கம்பி கிழித்து, முகாமில் தானாக ஆறிய விரல் அது. அந்த மடிப்புக்கும் சாந்தில் இடம் இருந்தது.

காலை எடுத்தாள். திரும்ப வைத்தாள். எதையும் மூன்று தரம் சரிபார்ப்பது அவள் பழக்கம். மூன்று தரமும் பொருந்தியது.

இந்தக் காட்சியகம் கொண்டாடுகிற வீராங்கனை நிரோஜினியின் விரல்கள் நேரானவை. ஒரே பாடசாலைக் குழாயடியில் இரண்டு வருடம் கால் கழுவியவளுக்கு அது தெரியாதா?

“என்ன தங்கச்சி, கால் ஒட்டிக்கிட்டா?” வரவேற்பு மேசையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். ஐம்பது வயது இருக்கும். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் நுஸ்ரத் என்று இருந்தது. “இஞ்ச வாங்க. பேரைப் பதிஞ்சிட்டுப் பாருங்க. ஆறு மணிக்குப் பூட்டிருவோம்.”

“பொறுப்பாளரைக் காண வந்தனான் அக்கா.”

“அவர் திங்கக்கிழமைதான் வருவார். என்ன விசயம்?”

லக்சனா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே, பொலித்தீனில் சுற்றி, ஒரு துணித்துண்டு இருந்தது. அதில் 47 என்ற இலக்கம். சொல்லவேண்டிய நாலு வசனங்களையும் பஸ்ஸில் வரும்போது ஒழுங்காக மனப்பாடம் செய்திருந்தாள். இப்போது முதலாவதே வாயில் வரவில்லை. இந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பயன்? யாரிடம் சொன்னாலும்தான் என்ன பயன்? ஒரு பழைய துணியைக் காட்டி ஆசிய வெள்ளிப் பதக்கக்காரியோடு பங்கு கேட்கிறாள் என்று சிரிப்பார்கள்.

“சும்மாதான்” என்றாள்.

“அப்ப பேரைச் சொல்லுங்க. கைப்பட்டி அடிக்கணும். அது இல்லாட்டி உள்ள ஒண்டும் வேல செய்யாது.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. நாக்கின் அடியில் பதினேழு வருடமாகக் கிடந்த கசப்பு, தானாக எழுந்து பேசியதுபோல் இருந்தது.

“நிரோஜினி. பாக்கியரத்தினம் நிரோஜினி.”

நுஸ்ரத் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். “அடி ஆத்தே, முழுப் பேருமா? இதோட நாலு நிரோஜினி வந்தாச்சு. எல்லாருக்கும் அந்தப் புள்ளையாகத்தான் ஆச.” விசைகளைத் தட்டினாள். சிறு இயந்திரம் கடதாசிப் பட்டியைத் துப்பியது. அதை லக்சனாவின் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். “ஓட்ட அறைக்குப் போங்க. போன கிழம ஒரு பேங்க் மெனேஜர் ஓடிக் காற்சட்ட கிழிஞ்சு, கையில இருந்த பைலால பின்பக்கத்த மறைச்சிட்டுப் போனாரு.”

லக்சனா சிரிக்கப் பார்த்தாள். பட்டியின் பசை தோலில் குளிர்ந்தது.

அந்தக் காட்சியகம் முன்பு சரக்குச் சாக்குகள் அடுக்கிய, துறைமுகத்தோரத்துப் பழைய கிட்டங்கி. வெள்ளை பூசி, குளிரூட்டி போட்டிருந்தாலும், சுவருக்குள்ளிருந்து உப்பும் பழைய சாக்கும் மணத்தன. குளிரூட்டியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வீராங்கனையின் இதயத்துடிப்பு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். லக்சனா தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் துடித்தன.

சுவர் நிறைய நிரோஜினி. தோகா, ஜகார்த்தா, ஒரு ஜப்பானிய ஊர். நிமிர்ந்த தலை, கீழே பார்க்காத கண். இந்தப் படங்கள் எல்லாம் லக்சனாவிடமும் இருந்தன. பத்திரிகைகளில் வெட்டித் திகதி எழுதி, அலுமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். எதற்கு என்று அம்மா கேட்டால், “சிநேகிதிதானே” என்பாள்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பதக்கம். ‘2007. மாகாணப் போட்டி. இருநூறு மீற்றர். முதலாம் இடம். இங்கேதான் தொடங்கியது.’

அந்த ஓட்டம் லக்சனாவுடையது.

பிறப்பத்தாட்சிப் பத்திரம் சம்பூரில் வீட்டோடு எரிந்துவிட்டது. வயதுக்கு அத்தாட்சி இல்லாதவள் ஓட ஏலாது. நிரோஜினிக்கோ அன்று காய்ச்சல். “நிரோவின்ர பேரில நீ ஓடு, பிறகு பாப்பம்” என்று ஓட்டம் பழக்கிய பி.ரி. சேர் இலக்கத்துணியை அவள் நெஞ்சில் குத்திவிட்டார். வென்றாள். ஆள் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் பட்டியலில் பேரைப் பார்த்து, அந்தப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். “நான் போய்ச் சொல்லுறன், உன்னையும் எடுப்பினம்” என்று நிரோஜினி பஸ் யன்னலால் சொன்னாள். துணியை எரிக்கச் சொன்னார் சேர். லக்சனா எரிக்கவில்லை.

பிறகு நிரோஜினி உண்மையாகவே ஓடினாள், உண்மையாகவே வென்றாள். லக்சனாவால் அந்தத் தூரம் போயிருக்க ஏலுமா? தெரியாது. ஆனால் இந்த ஒன்று அவளுடையது. மற்றதெல்லாம் நிரோஜினிக்கே இருக்கட்டும். இந்த ஒன்றின் கீழ் தன் பெயர் இருக்கவேண்டும்.

கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டு மங்கியது. மங்கல் மறைய நேரம் எடுத்தது.

ஓட்ட அறையின் வாசலில், செருப்பைக் கழற்றும்படி எழுதியிருந்தது. கழற்றினாள். கைப்பையையும் பக்கத்தில் வைத்தாள். உள்ளே இருட்டு, இருபது மீற்றர் நீளத்தில் ஒரு சிவப்புப் பாதை, அதன் பக்கத்தில் நெடுக வெள்ளைச் சுவர். சுவரில் வீராங்கனையின் நிழல் உங்களோடு ஓடும் என்று எழுதியிருந்தது. மூன்று பொத்தான்கள் மூன்று வருடங்களுக்கு. அவள் 2007ஐ அழுத்தினாள்.

“அதுக்கு வீடியோ கிடையாது” என்று வெளியிலிருந்து நுஸ்ரத் கத்தினாள். “ஓடின நேரம் மட்டுந்தான் இருந்திச்சாம். மிச்சத்தக் கொழும்புக் கம்பனி கற்பனையில போட்டது.”

சுவரில் நிழல் எழுந்தது. இரட்டைப் பின்னல். ஒரு பின்னலில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

ஓட்டத்தைத் தொடக்கும் துப்பாக்கியின் வெடிச் சத்தம்.

லக்சனா ஓடினாள். நிழல் முன்னே போனது. மூன்றாவது காலடியில் அது தலையைக் குனிந்து தன் இடது காலைப் பார்த்தது. ஒரு கணந்தான். பிறகு நிமிர்ந்து ஓடியது.

அவள் எல்லையில் நின்று சுவரைப் பிடித்தாள். சுவர் ஈரமாக இருந்தது. விரல் நோகுமோ என்ற பயத்தில் மூன்றாவது காலடியில் குனிந்து பார்ப்பது அவளுடைய பழக்கம். சேர் அதற்காக எத்தனை தரம் ஏசியிருப்பார். நிரோஜினி ஒருநாளும் குனிந்ததில்லை. அதை யார் கற்பனை செய்தது?

திரும்பி வந்தாள். மறுபடி அழுத்தினாள். ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம்.

வெடி. மூன்றாவது காலடி. குனிந்தது. கூடவே அவளும் குனிந்தாள் என்பதை எல்லையைத் தாண்டியபிறகே உணர்ந்தாள். இந்தத் தடவை சிவப்புப் பாதையில் இரண்டு பேரின் காலடிச் சத்தம் கேட்டதா? குளிரூட்டி நின்றிருந்தது. இதயத்துடிப்பு மட்டும் கேட்டது. அது இப்போது அவளுடையதைவிட வேகமாக இருந்தது.

போய்விடலாம். செருப்பு வாசலில். பத்து எட்டு வைத்தால் போதும்.

ஆனால் அது அவளை இரண்டு தரம் வென்றிருந்தது. அவளுடைய பதினாறு வயது, அவளுடைய கால், அவளுடைய ரிப்பன். எல்லாம் இங்கே இன்னொருத்தியின் பேரில் நின்று அவளையே வெல்கிறது. பொறாமையாக இருந்தது. நிரோஜினி மேல் இல்லை. இதன் மேல்.

“அது என்ர” என்றாள் சுவரைப் பார்த்து. “தா.”

பொத்தானை அழுத்தினாள்.

வெடி.

ஓடினாள். மூச்சு. சிவப்பு. மூன்றாவது காலடி. நிழல் குனியவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தது.

எல்லை.

சுவரில் இருந்த முடிவுப் பலகையில் எழுத்துகள் ஒளிர்ந்தன.

1. லக்சனா
2. நிரோஜினி

ஒரு கணம் அவளுக்குக் கண் நிறைந்தது. சுவரில் அவள் பேர். பதினேழு வருடத்துக்குப் பிறகு, முதலாம் இடத்தில். வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. பிறகு, பழக்கம் விடவில்லை, மூன்று தரம் வாசித்தாள். இங்கே அந்தப் பேரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டியில் நிரோஜினி.

அவள் இரண்டாவதாக வந்திருந்தாள்.

வாசலில் வெளிச்சத்துக்கு எதிராக யாரோ குந்தியிருந்து செருப்புப் போட்டார்கள். இரட்டைப் பின்னல். ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. இடது சின்னவிரலைக் கவனமாக வாருக்குள் நுழைத்தாள். கைப்பையைத் திறந்து, துணித்துண்டை எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“ஏய்” என்றாள் லக்சனா. சத்தம் வரவில்லை.

“முடிஞ்சிதா தங்கச்சி?” வெளியே நுஸ்ரத்தின் குரல். “ஆரு வெண்ட?”

“நான்தான் அக்கா.” லக்சனாவின் குரல். வாசலில் இருந்தவளின் வாயிலிருந்து, பதினாறு வயதுக் குரல்.

“பாருங்களன், முகமே பளிச்செண்டு மாறிப் போச்சி! சின்னப் புள்ள மாதிரி. அந்தப் பட்டி எங்க?”

“அது பிழையான பேர் அக்கா. நான் லக்சனா. புத்தகத்தில எழுதிவிடட்டோ?”

“எழுதுங்க, எழுதுங்க.”

பேனை கடதாசியில் உரசும் சத்தம். நிதானமாக, எழுத்தெழுத்தாக. லக்சனா வாசலை நோக்கி நடக்கப் பார்த்தாள். கால்கள் தொடக்கக் கோட்டில் இருந்தன. எப்போது அங்கே வந்தாள்? வாசலுக்கு அப்பால், திறந்த கதவால், மாலை வெயிலில் வீதி தெரிந்தது. நகருக்குள் எப்போதும் திரிகிற மான்கள் புல்லிலிருந்து தலை தூக்கிப் பார்த்தன. இரட்டைப் பின்னல்காரி படியிறங்கினாள். எந்நாளும் ஆட்களின் கையிலேயே வாங்கித் தின்கிற அந்த மான்கள், ஒன்றுவிடாமல், கடற்கரைப் பக்கம் சிதறி ஓடின.

கதவு பூட்டப்பட்டது. பூட்டிய நுஸ்ரத்தின் திறப்புக் கோர்வை கிலுங்கும் சத்தம் தேய்ந்தது.

இருட்டு.

வெடி.

அவள் ஓடினாள். நிற்க நினைத்தாள். ஓடினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது காலடியில் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

கால் இல்லை. தரையும் இல்லை. வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது, நெடுக.